கறுப்புக்கு இரண்டு படி

சின்னராசாவின் ஸ்ரூடியோவுக்குப் போன பெண் ஒருத்திகூடப் படத்தில் கறுப்பாக வந்ததில்லை என்று திருகோணமலையில் ஒரு பேச்சு இருந்தது. வீண்பேச்சு இல்லை, முதல் வருடத்தைத் தள்ளிவிட்டால் உண்மைதான். அந்த உண்மையை அதிகமாகச் சுமந்தவள் அவனுடைய சொந்தத் தங்கை இராசமலர்.

இராசமலர் கறுப்பு. மாநிறம், புதுநிறம் என்று பூசி மெழுகுகிற வேலை இங்கே வேண்டாம். நல்ல கறுப்பு. இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கிற ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. சின்ன வயதில் கிணற்றுக் கட்டில் விழுந்தது. கன்னத்தில் ஒரு மச்சம். சிரித்தால் வாய் ஒரு பக்கமாக ஏறும். ஒருமுறை பார்த்தவர்கள் அவளை மறக்கமாட்டார்கள். தாய் பாக்கியரத்தினத்துக்கு அதுதான் பெரிய கவலை. மறந்துபோகக்கூடிய முகமாக இருந்திருந்தால் எவனாவது எப்போதோ கட்டிக்கொண்டு போயிருப்பான் என்று அந்த மனுஷி மகளின் காதுபடவே சொல்லுவாள்.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது சின்னராசாவுக்குக் கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் இருந்த வேலையும் போனது. போகிற மாலுமிகள் கட்டில், கதிரை, சைக்கிள் என்று கைக்கு வந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு கமராவை வாங்கினான். மேலும் கீழுமாக இரண்டு கண் வைத்த கமரா. வீட்டின் முன்னறையை மறித்து, அன்னம் நீந்துகிற குளம் கீறிய சீலையைத் தொங்கவிட்டு, இரண்டு பெரிய லாம்புகளை நிறுத்தி ஸ்ரூடியோ என்று பலகையும் போட்டுவிட்டான்.

முதல் வருடம் முழுக்க வசைதான். வந்த சனங்களில் பாதிப்பேர் படத்தில் இருட்டாகி, பல்லும் கண்ணும் மட்டும் மிஞ்சி நின்றார்கள். "என்ர பிள்ளையைக் கரிச்சட்டிக்குள்ள வைச்சே எடுத்தனீ?" என்று ஒரு தாய் படத்தை அவன் முகத்திலேயே எறிந்தாள். பிறகு ஒருநாள், வெளிச்சத்தை உள்ளே விடுகிற வளையத்தை முதல்நாள் திறந்துவைத்தபடி மாற்ற மறந்து ஒரு கறுத்த பெண்ணை எடுத்துவிட்டான். கழுவிப் பார்த்தால் அவள் இடியப்ப மாவு மாதிரி வெளுத்து இருக்கிறாள். மூக்குக்குக் கரை இல்லை, கன்னத்துக்கு மேடு பள்ளம் இல்லை. தொலைந்தேன் என்று நினைத்துத்தான் படத்தை நீட்டினான். அந்தப் பெண் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்றைக்குச் சின்னராசா தன் தொழிலைக் கற்று முடித்துவிட்டான். மற்றவர்கள் வருடக்கணக்கில் படிப்பதை அவன் ஒரு வரியில் அடக்கினான்: வளையத்தில் ஓர் இலக்கம் ஒரு படி, வெள்ளைக்கு உள்ளபடி, மாநிறத்துக்கு ஒரு படி கூட, கறுப்புக்கு இரண்டு படி கூட. கலியாணத் தரகர் கனகரத்தினத்தார் அதற்குப் பிறகு வேறு ஸ்ரூடியோவின் வாசலை மிதிக்கவில்லை.

ஐம்பத்தொன்பதில் இராசமலரைப் படம் எடுத்தார்கள். இரண்டு படி. தழும்பு போனது, மச்சம் போனது, ஏறுகிற வாயும் நேராகிவிட்டது. யாரோ ஒரு வெள்ளைப் பிள்ளை, மண்டைக்குள் ஒன்றும் இல்லாதவள் மாதிரி, இராசமலரின் சட்டையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். அந்தப் படம் தரகரின் பையில் ஏறி ஊர் ஊராகப் போனது.

முதலில் குச்சவெளியிலிருந்து வந்தவர்கள் பலகாரத்தைத் தின்றுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. இரண்டாவதாக வந்தவர்கள் பலகாரத்தையும் தொடவில்லை. மூன்றாவதாக நிலாவெளியிலிருந்து வந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் தமக்கை ஒருத்தி இருந்தாள். இராசமலர் தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றதும் அவள் மடியிலிருந்த படத்தைப் பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள், திரும்பவும் படத்தைப் பார்த்தாள்.

"தேத்தண்ணியை வைச்சிட்டுப் போம் தங்கச்சி. படத்தில இருக்கிற பிள்ளையை ஒருக்கா வரச் சொல்லும்" என்றாள்.

வேலைக்காரி என்று நினைத்துச் சொன்னாளா, தெரிந்துகொண்டே சொன்னாளா? தெரிந்துகொண்டுதான் சொன்னாள். சபையில் இரண்டுபேர் சிரித்தார்கள். இராசமலர் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அழவில்லை. சின்னராசாவோ அவர்கள் படலையைத் தாண்டியதும் தங்கையைப் பார்த்து, "நீ அந்த விளக்குக்கு நேர வந்து நிண்டிருக்கக் கூடாது" என்றான். குற்றம் விளக்கில், அவள் நின்ற இடத்தில், அவள் தோலில். அவனுடைய படத்தில் மட்டும் இல்லை.

அந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிஞ்சியது. கலியாணம்கூட இல்லை. தன் முகத்தைத் தன் முகமாகவே காட்டுகிற ஒரு படம் வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஓம் என்கிற ஒருவன் இருந்தால் அவனைக் கட்டலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

"அண்ணை, என்னை என்ர நிறத்தில ஒருக்கா எடுங்கோவன்" என்று கேட்டாள்.

"அதுக்கு ஏன் கமரா? அடுப்புக்க ஒரு கரிக்கட்டி கிடக்கும், எடுத்துச் சுவரில கீறு" என்றான் சின்னராசா. தாயும் சேர்ந்து சிரித்தாள். பெற்றவள்!

அவனுடைய இருட்டறையில் படம் கழுவுவதும் காயப்போடுவதும் இராசமலரின் வேலை. சம்பளம் இல்லாத வேலை என்பதால் அதை அவன் வேலை என்று சொல்லுவதில்லை. கமராவைப் பற்றி அவளுக்கு ஒரு சொல்லும் சொல்லிக்கொடுத்ததில்லை. பெண்பிள்ளைக்கு விளங்காது என்றான். விளங்கிவிடும் என்ற பயம்தான்.

பிலிம் போடாத ஒருநாள் அவள் கமராவின் முதுகைத் திறந்து, யன்னலுக்கு நேரே பிடித்து, லென்ஸின் கதவு மூடாமல் விசையை அமுக்கியபடி உள்ளால் பார்த்தாள். வளையம் இருபத்திரண்டில் நின்றபோது குண்டூசித் தலையளவு ஓட்டை. பதினாறு, பதினொன்று, எட்டு என்று இறக்க இறக்க ஓட்டை விரிந்தது. இலக்கம் குறைந்தால் ஓட்டை பெரிது, கூடினால் சிறிது. கணக்குத் தலைகீழாக இருந்ததில் அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை. அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான்.

அடுத்த வளையம் நேரத்துக்கு. ஐம்பது என்றால் செக்கனில் ஐம்பதில் ஒரு பங்குதான் கதவு திறந்திருக்கும். டிக் என்று அடங்கிவிடும். இரண்டு என்றால் அரைச் செக்கன். திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் காதுக்குத் தனித்தனியாகக் கேட்கும். பிலிம் பெட்டிக்குள் வருகிற துண்டுக் கடதாசியில் சூரியன், முகில், வீட்டு நிழல் என்று படம் போட்டுப் பக்கத்தில் இலக்கங்கள் இருந்தன. இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, சூரியனைத் தெரியாதா?

பின் வளவில் தாய் கருவாடு போடுகிற கணக்கோடு இதைப் பொருத்திப் பார்த்ததும் எல்லாம் வெளித்துவிட்டது. கொதிக்கிற வெயில் என்றால் ஒருநாள் காணும். மூட்ட வெயில் என்றால் மூன்றுநாள் வேண்டும். இரண்டிலும் மீன் காய்வது ஒன்றுபோலத்தான். ஓட்டை பெரிதென்றால் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஓட்டை சிறிதென்றால் நேரத்தைக் கூட்ட வேண்டும். பிலிம்தான் மீன். நெத்தலி கெதியில் காயும், திருக்கை சுணங்கும். சில பிலிமுக்குக் கொஞ்ச வெளிச்சம் போதும், சிலதுக்கு நிறைய வேண்டும். மூன்றையும் ஒத்துப்பார்த்து எடுத்தால் கருவாடு. குறைத்து எடுத்தால் அழுகல், கூட்டி எடுத்தால் விறகு. அண்ணன் இத்தனை வருடமாக ஊருக்கு விறகு விற்றுக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்கு விளங்கியது.

அறுபத்திரண்டில் ஒருநாள் சின்னராசா புதிதாக வாங்கிய கமராவோடு குச்சவெளிக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தான். பழைய கமரா ஆணியில் தொங்கியது. இராசமலர் கதிரையைக் கொண்டுபோய்ப் பின் விறாந்தை நிழலில் போட்டாள். தான் இருக்கவேண்டிய இடத்தில் விளக்குமாற்றைச் சார்த்திவைத்து, அதன் ஈர்க்கு ஈர்க்காகத் தெளிவாகத் தெரியும்வரை லென்ஸைத் திருகினாள். நேரத்தை ஐம்பதில் வைத்தாள். ஓட்டையை ஐந்து புள்ளி ஆறில் வைத்து ஒன்று, எட்டில் ஒன்று, பதினொன்றில் ஒன்று. கொஞ்சம் பொறுத்துத் தானாக அடிக்கிற கொக்கியைத் தட்டிவிட்டு ஓடிப்போய்க் கதிரையில் இருந்தாள். மூன்று தடவை ஓடினாள்.

அன்றைக்கே கழுவிப் பார்த்தாள். முதலாவதில் தழும்பு பாதி அழிந்து, பழைய வெள்ளைக்காரி எட்டிப் பார்த்தாள். மூன்றாவதில் கண்ணைத் தவிர மிச்சமெல்லாம் இருட்டு. நடுவில் இருந்தது இராசமலர். புருவத் தழும்பு, மச்சம், நெற்றியில் ஓர் எண்ணெய் மினுக்கம், ஓடிவந்து இருந்ததால் மூச்சு வாங்குகிற மூக்கு. அவள் அந்தப் படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். இருபத்தாறு வயதில் முதன்முதலாகத் தன்னைச் சந்தித்த சந்தோஷம் அது. அதில் யாருக்கும் பங்கு கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த கிழமை கனகரத்தினத்தார் வந்தார். சம்பூர் ஆள் ஒருவர், ஞானசேகரம் என்று பெயர், துறைமுகக் கந்தோரில் கிளாக்கர், குடி வெறி இல்லை என்றார். படத்தைக் கொண்டுவந்து கொடு என்று தாய் சொல்ல, இராசமலர் உறைக்குள் தான் எடுத்த படத்தை வைத்துக் கொடுத்தாள். முதுகில் சின்னராசாவின் ஸ்ரூடியோ முத்திரையையும் குத்தியிருந்தாள்.

பத்துநாளில் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். அவள் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் தாய் படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். இராசமலர் தட்டை வைக்காமல் அவளையே பார்த்தாள்.

"படத்தில கண்ட பிள்ளைதான்" என்றாள் அந்த மனுஷி, அவ்வளவுதான். ஞானசேகரம் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சீதனமாக அவர்கள் குடியிருந்த அந்த வீடே என்று முன்பே பேச்சாகியிருந்தது. நாள் வைத்துவிட்டுப் போனார்கள்.

சின்னராசாவின் கண்ணில் அந்தப் படம் அப்போதுதான் பட்டது. சந்தோஷப்பட்டானா? விருந்தாளிகள் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து, தங்கையின் கன்னத்தில் அறைந்தான்.

"என்ர முத்திரையைக் குத்தி இந்தக் கரியை ஊருக்குள்ள விட்டிருக்கிறாய். நாளைக்கு ஆர் என்னட்டப் படம் எடுக்க வரும்?"

"அந்த மனுசன் என்னைப் பாத்திட்டுத்தான் ஓம் எண்டவர், அண்ணை."

"உன்னையே? வீட்டைப் பாத்தவன். கூரையை நிமிந்து பாத்தவன், நான் கண்டனான்."

அவள் நம்பவில்லை. நம்பாமல் இருக்க அவளிடம் சாட்சி இருந்தது: எட்டு, ஐம்பது, வீட்டு நிழல். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுசன் ஓம் என்றிருக்கிறான். தாலி கட்டிய அன்று அவள் நிமிர்ந்த தலையோடு இருந்ததைப் பார்த்துச் சில கிழவிகள் திமிர் என்றார்கள். திமிர்தான். அவளுக்கு அது ஒருநாளைக்காவது கிடைத்ததே.

கலியாணம் முடிந்த நாலாம்நாள் வழக்கப்படி மாப்பிள்ளையும் பொம்பிளையும் கூறைச் சீலையும் மாலையுமாக ஸ்ரூடியோவுக்குப் படம் எடுக்க வந்தார்கள். அன்னக் குளத்துக்கு முன்னால் இரண்டு கதிரை. சின்னராசா லாம்புகளைப் போட்டான். பத்தில் ஒரு பங்கு நேரம், ஓட்டை ஐந்து புள்ளி ஆறு. இராசமலர் இருந்த இடத்திலிருந்தே மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். சரியாகத்தான் வைத்திருந்தான்.

அப்போது ஞானசேகரம் தொண்டையைச் செருமினார்.

"மச்சான், இவவைக் கொஞ்சம் வெள்ளையா வாற மாதிரி எடுங்கோ. கந்தோரில எல்லாரும் படம் கேக்கிறாங்கள். அண்டைக்குத் தரகர் கொண்டுவந்த மாதிரி வந்திட்டா எனக்கு வெக்கம்."

சின்னராசா தங்கையைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுதவே எனக்குக் கை கூசுகிறது; அவ்வளவு சந்தோஷம் அதில். நேர வளையத்தைப் பத்திலிருந்து ஐந்துக்கும், ஐந்திலிருந்து இரண்டுக்கும் திருகினான். இரண்டு படிக்கும் மேலே. "அரைச் செக்கன். மூச்சை அடக்கிப் பிடியுங்கோ, அசையப்படாது" என்றான்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் கேட்க முன்னம் இராசமலர் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். அரைச் செக்கன் நீளமானது. ஒரு முகம் தீற்றலாகிப் போக அது தாராளம்.

"ஆடிட்டாய்" என்றான் அண்ணன். திரும்ப எடுத்தான். திரும்பவும் திருப்பினாள். மூன்றாவது தடவையும் அப்படியே.

"ஏனப்பா ஆடுறீர்?" என்று ஞானசேகரம் கேட்டார்.

"நான் ஆடேல்லை. படத்தில இருக்கிற பிள்ளைதான் ஆடுறா" என்றாள். அவருக்கு அது விளங்கவில்லை. விளங்க வேண்டிய இன்னொருவனுக்கு விளங்கியது. சின்னராசா கமராவுக்குக் குனிந்தான். பிறகு நேர வளையத்தை இருபத்தைந்துக்கு ஏற்றி, ஓட்டையை ஒரு படி திறந்து, டிக் என்று ஒரு படம் அடித்தான். ஆட அவகாசமே இல்லை. இராசமலரின் காது அந்தச் சத்தத்தை எடைபோட்டது. வெள்ளை அடிக்காத, உள்ளபடியான படம். அண்ணன் தோற்றுவிட்டான் என்று எண்ணி அவள் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போனாள்.

இரண்டு கிழமை கழித்து அவன் கண்ணாடி போட்டுச் சட்டமிட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். மாப்பிள்ளை கம்பீரமாக இருந்தார். பக்கத்தில் கூறைச் சீலை, மாலை, மடியில் கோத்த இரண்டு கறுத்த கை. கழுத்துக்கு மேலே ஐம்பத்தொன்பதாம் ஆண்டு வெள்ளைக்காரி. பழைய நெகற்றிவிலிருந்து தலையை எடுத்து, வெட்டி, ஒட்டி, நாடிக்குக் கீழே வந்த கோட்டைப் பென்சிலால் தடவி மறைத்துத் திரும்ப எடுத்திருந்தான். அவளை அசையாமல் பிடித்தது உடம்புக்காக. தலை அவனிடம் முன்பே இருந்தது.

"இப்ப வடிவாயிருக்கு" என்றார் ஞானசேகரம். தானே ஆணி அடித்துச் சுவரில் மாட்டினார். கலியாணச் சோறு செமிக்கமுதலே இராசமலருக்குத் தன் விலை தெரிந்துவிட்டது: ஒரு வீடு, இரண்டு கை.

அவள் தானே எடுத்த படம் அவருடைய தகரப் பெட்டியில் கிடந்தது. அது இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது. அறுபத்துநாலு மார்கழியில் வந்த சூறாவளி அதையும் விட்டுவைக்கவில்லை. கூரை போனது. பெட்டிக்குள் தண்ணீர் ஏறி, காணி உறுதிப் பத்திரத்தோடு அந்தப் படமும் ஊறிக் கூழாயிற்று. ஸ்ரூடியோவுக்குள்ளும் வெள்ளம் புகுந்து நெகற்றிவ்கள் எல்லாம் ஒட்டிப்போயின. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த கலியாணப் படத்துக்கு ஒரு துளி படவில்லை. கடவுளுக்கும் வெள்ளைத் தோல்தான் விருப்பமாக்கும்.

உறுதியின் பிரதியை எடுக்க ஞானசேகரம் மூன்றுமாதம் அரசாங்கக் கச்சேரிக்கு அலைந்தார். படம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருடம் மகள் பிறந்தாள். தாயின் நிறம், தாயின் ஒரு பக்கம் ஏறுகிற வாய். மருத்துவிச்சி பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "பரவாயில்லை, மாமன் படக்காரன்தானே" என்று ஆறுதல் சொன்னாள்.

எழுபத்திரண்டில் மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி நின்று கலியாணப் படத்தை மூக்கு முட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானசேகரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இராசமலர் உலர்ந்த உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்குப் பக்கத்தில ஆர் இந்த மாமி?"

பேப்பர் அசையவில்லை. இராசமலர் அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள். அது பிள்ளைதானே, விடவில்லை.

"முகத்தைத்தான் தெரியேல்லை. கை உங்கட கையம்மா. ஏன் இந்த மாமி உங்கட கையை வைச்சிருக்கிறா?"

"கை என்ரதான் மகள்" என்றாள் இராசமலர். "மற்றது அப்பா கலியாணம் கட்டின பிள்ளை."

"விசர்க்கதை சொல்லிக் குடுக்காதையும்" என்றது பேப்பருக்குப் பின்னால் ஒரு குரல்.

மகள் அதைக் காதில் வாங்கவில்லை. தன் வலது கையை விரித்துக் கண்ணாடியின் மேல், படத்திலிருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தாள். நிறம் பார்த்தாள். பிறகு கையை எடுத்துச் சட்டைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "அம்மா, மாமா என்னைப் படம் எடுக்கேக்க கையையும் மாத்திப்போடச் சொல்லுங்கோ" என்றாள்.

மூன்று மாப்பிள்ளைகள் வந்து போனபோதும் அழாதவள், கன்னத்தில் அறை விழுந்தபோதும் அழாதவள், மடித்த உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஞானசேகரம் பேப்பரை மடித்துவிட்டு, தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.